சான்று கேட்ட கடற்கரை: விஷ்ணுபாவா பிரம்மசாரியின் வாழ்க்கை

நம்பிக்கை உள்ளவனைப் பார்த்து உலகம் எக்காலத்தும் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. உன் நம்பிக்கைக்குச் சான்று என்ன என்பதே அது. சந்தேகம் கொண்டவன் இதைக் கேட்கும்போது ஆராய்ச்சி தொடங்குகிறது. சாதகன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும்போது ஆத்ம விசாரம் பிறக்கிறது. ஒரு மதத்தைச் சார்ந்தவர் மற்றொரு மதத்தைச் சார்ந்தவரிடம் கேட்கும்போதோ, அக்கேள்வி பல சமயங்களில் பகையாகவே முடிந்திருக்கிறது. கேள்வி ஒன்றுதான், கேட்பவரின் உள்ளக்கிடக்கையைப் பொறுத்து அதன் பலன் வேறுபடுகிறது.

இந்தக் கேள்வி மும்பையின் கடற்கரை மணலில், திறந்த வானத்தின் கீழ், மக்கள் கூட்டத்தின் நடுவே, வாரந்தோறும் கேட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது 1857ஆம் ஆண்டு. கேள்வியின் ஒருபுறம் கிறிஸ்தவ மிஷனரிகள் நின்றார்கள். மறுபுறம் நின்றவர் விஷ்ணுபாவா பிரம்மசாரி என்னும் முப்பத்தொரு வயதுத் துறவி. மராட்டிய நாட்டில் பெரிதும் அறியப்பட்ட இப்பெரியாரின் வாழ்க்கை, தமிழ் அன்பர்களும் அறிந்து சிந்திக்கத் தக்கது.

சுங்கச் சாவடியிலிருந்து மலை உச்சிக்கு

விஷ்ணு பிகாஜி கோகலே என்பது அவரது பூர்வாசிரமப் பெயர். 1825ஆம் ஆண்டில் கொங்கணப் பகுதியில், இன்றைய ராய்கட் மாவட்டத்திலுள்ள ஷிரவலி கிராமத்தில், வறிய அந்தணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தின் வறுமை அவரை நெடுநாள் பள்ளியில் இருக்க விடவில்லை. சிறுவனாக இருக்கும்போதே கடையொன்றில் வேலை செய்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் சுங்க இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்பது அந்நாளில் பெரும் பேறு.

ஆயினும் அவரது மனம் சரக்குகளின் கணக்கில் நிலைகொள்ளவில்லை. ஓய்வு நேரங்களில் ஆன்மிக நூல்களைப் படிப்பதும், சாதுக்களைக் கண்டால் அருகமர்ந்து ஐயங்களைக் கேட்பதுமாக அவரது நாட்கள் சென்றன. கேட்டவர்கள் அனைவரிடமிருந்தும் அவருக்கு நிறைவு தரும் விடை கிடைத்துவிடவில்லை. இருபது வயதைக் கடந்த இளமையில் உத்தியோகத்தைத் துறந்து, நாசிக் அருகே தேவியின் திருத்தலமாக விளங்கும் ஸப்தசிருங்கி மலையை அடைந்து தவத்தில் ஆழ்ந்தார்.

அங்கே தமக்கு மெய்யறிவு விளங்கியதாகவும், வேதம் கூறும் தர்மத்தை மக்களுக்கு எடுத்துரைக்கும்படி இறையாணை பெற்றதாகவும் அவர் உறுதியாக நம்பினார். அவருடைய வாழ்வு முழுவதற்கும் ஆதாரமாக நின்றது இந்த அனுபவமே. மலையிலிருந்து இறங்கிய அவர், மராட்டிய நாட்டின் ஊர்களில் சொற்பொழிவாற்றிக்கொண்டு சென்றார். 1856ஆம் ஆண்டில் பம்பாய் வந்து சேர்ந்தார்.

கண்ணீர் நிறைந்த பின்னணி

அவர் வந்து சேர்ந்த பம்பாய், மத வாதங்களுக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிகள் 1813இலேயே அங்கு வந்துவிட்டனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் வில்சன் 1829இல் வந்தார். சௌபாட்டிக் கடற்கரையை நோக்கி இன்றும் நிற்கும் வில்சன் கல்லூரிக் கட்டிடம் அவர் பெயரைத் தாங்கியதே. அவர் மராட்டி கற்றார். ஸம்ஸ்கிருதமும், பார்சிகளின் சமய நூல்களும் கற்றார். கற்றவற்றைக் கொண்டு ஒவ்வொரு மதத்தையும் எதிர்த்து எழுதினார். 1831இல் மோரபட்ட தாண்டேகர் என்னும் பண்டிதர் ஹிந்து தர்மத்தை நிலைநாட்ட ஒரு நூல் எழுத, மறு ஆண்டே வில்சன் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். இஸ்லாமியரோடும் பார்சிகளோடும் இவ்வாறே அவரது வாதங்கள் தொடர்ந்தன.

இவை ஏட்டளவில் நின்ற வாதங்கள் அல்ல. 1839இல் வில்சனின் பள்ளியில் படித்த தன்ஜிபாய் நௌரோஜி, ஹோர்மஸ்ஜி பெஸ்டன்ஜி என்னும் இரு பார்சி இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றனர். பார்சி சமூகம் கொதித்தெழுந்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. பெற்றோர் தம் பிள்ளைகளை அப்பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டனர். 1843இல் நாராயண சேஷாத்ரி என்னும் அந்தண இளைஞர் மதம் மாறினார். அவருடைய தம்பி ஸ்ரீபதி சிறுவனாதலால் நீதிமன்றம் அவனைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. ஆனால் வீடு திரும்பிய பிள்ளையைச் சாதியில் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்ற பெரும் பூசல் எழுந்தது. பிராயச்சித்தம் செய்வித்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பாலசாஸ்திரி ஜாம்பேகர் போன்ற அறிஞர்கள் முயன்றனர். பழமைப் பற்றுடையோர் கடுமையாக எதிர்த்தனர். யாருடைய வாதம் வென்றது என்று அறிஞர்கள் கணக்கிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மகனை இழந்த வீடுகளும் வீட்டை இழந்த மகன்களும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1851இல் பத்திரிகை ஒன்றில் வெளியான நபிகள் நாயகத்தின் படம் காரணமாக நகரில் பார்சிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. சொல்லும் படமும் எவ்வளவு விரைவில் கல்லாகவும் தடியாகவும் மாறக்கூடும் என்பதைப் பம்பாய் கண்டிருந்தது.

இருபது வியாழக்கிழமைகள்

இத்தகைய சூழலில்தான் விஷ்ணுபாவா தமது சொற்பொழிவுகளில் கேள்வி கேட்போரை வரவேற்றார். கிறிஸ்தவ மிஷனரிகளும் வந்து கேள்வி கேட்டனர். நகரின் மேற்கே பாக் பே எனப்படும் விரிகுடாவின் மணற்கரையில் வாதம் நடத்துவது என்று ஏற்பாடாயிற்று. 1857 ஜனவரி 15ஆம் நாள் வியாழக்கிழமை தொடங்கி, மே 28ஆம் நாள் வியாழக்கிழமை வரை இந்த வாதம் நீண்டது.

மறுபுறம் நின்றவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் போவென். அவரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1816இல் அமெரிக்காவில் பிறந்த போவென், இளமையில் கடவுள் நம்பிக்கை அற்றவராக இருந்தார். மணம் செய்துகொள்ளவிருந்த பெண்ணின் மரணமும், அவள் விட்டுச்சென்ற பைபிளும், கிறிஸ்தவத்துக்கான சான்றுகளை ஆராயும் நூலொன்றும் அவரது மனத்தை மாற்றின. 1848இல் பம்பாய் வந்தார். சிறிது காலத்தில் மிஷன் தந்த சம்பளத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, நகரின் எளிய மக்கள் வாழும் பகுதியில் மிகச் சிறிய வருமானத்தில் வாழத் தொடங்கினார். 1888இல் மறையும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாய்நாடு திரும்பவே இல்லை.

ஆகவே மணலில் எதிரெதிராக நின்றவர்கள் இருவருமே தம் வாழ்வில் சான்றைத் தேடி அலைந்தவர்கள். ஒருவர் சுங்க உத்தியோகத்தைத் துறந்தவர். மற்றவர் மிஷன் சம்பளத்தைத் துறந்தவர். இருவருமே தமக்குக் கிட்டியதாக நம்பிய உண்மைக்குத் தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தவர்கள். இருப்பினும் ஒருவருடைய உண்மை மற்றவருக்குப் பிழையாகத் தோன்றியது.

படைப்பு, பாவம், அவதாரம், அற்புதங்கள், உருவ வழிபாடு ஆகியவை அக்காலத்து இத்தகைய வாதங்களின் பொருள்களாக இருந்தன. புராணக் கதைகள் நடந்தமைக்கு என்ன சான்று என்று மிஷனரிகள் வினவுவர். பைபிளில் வரும் அற்புதங்கள் நடந்தமைக்கு என்ன சான்று என்று எதிர்வினா எழும். கிருஷ்ணனின் லீலைகள் ஒழுக்கத்துக்கு ஒத்தவையா என்று ஒரு பக்கம் கேட்கும். ஒருவன் செய்த பாவத்துக்கு வேறொருவர் தண்டனை ஏற்பது நீதிக்கு ஒத்ததா என்று மறுபக்கம் கேட்கும்.

அந்த ஆண்டு மே 10ஆம் நாள் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நாடெங்கும் அச்சமும் ஐயமும் பரவின. அம்மாத இறுதியோடு கடற்கரை வாதமும் நின்றது. போவென் தம் தரப்பில் ஆங்கிலத்தில் ஒரு பதிவை வெளியிட்டார். விஷ்ணுபாவாவின் தரப்பிலும் பின்னாளில் மராட்டியில் ஒரு நூல் வெளிவந்தது. ஒரே மாலைப்பொழுதுகளின் இரு சித்திரங்கள் அவை. வென்றவர் யார் என்பதற்கு அவற்றிலிருந்து இருசாராரும் ஒப்பும் ஒரு விடையைப் பெற இயலாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு சமகாலத்தவர்

தமிழ் அன்பர்களுக்கு இந்த வரலாறு மற்றொரு பெயரை நினைவூட்டும். விஷ்ணுபாவாவைவிட மூன்றாண்டுகள் மூத்தவரான ஆறுமுக நாவலர் 1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் பெயர்க்கத் துணைநின்றவர். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரம் என்னும் நூலில், கோயில் வழிபாட்டைப் பழித்த மிஷனரிகளுக்கு அவர்களுடைய வேதத்தைக் கொண்டே விடை கூறினார். பண்டைய இஸ்ரவேலர்களின் ஆலயத்திலும் பலியும் தூபமும் தீபமும் சடங்குகளும் இருந்தனவே என்று எடுத்துக் காட்டினார்.

நாவலர் பைபிளைக் கற்றுத் தேர்ந்தவர். விஷ்ணுபாவாவோ தம் அனுபவத்தையும் தர்க்கத்தையும் நம்பி நின்றவர். வழிகள் வேறாயினும் இருவரும் செய்தது ஒன்றே. எங்களிடம் கேட்கும் சான்றை உங்களிடமும் கேட்டுப் பாருங்கள் என்று அவர்கள் வினாவைத் திருப்பினார்கள்.

எந்த அளவுகோல்?

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சான்று என்பதை நமது தரிசனங்கள் பிரமாணம் என்று அழைக்கின்றன. நேரில் காண்பது பிரத்யக்ஷம். கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது அனுமானம். நம்பத்தகுந்த சொல் சப்தம். ஒவ்வொரு பிரமாணத்துக்கும் அதற்குரிய எல்லை உண்டு. கண்ணைக் கொண்டு இசையை அறிய இயலாது. அதனால் இசை இல்லையென்று ஆகிவிடாது. அறியப்படும் பொருளுக்கு ஏற்ற பிரமாணத்தைக் கொண்டே எதையும் ஆராய வேண்டும் என்பது வேதாந்தத்தின் அடிப்படை.

கடற்கரையில் நிகழ்ந்தது என்ன? இரு தரப்பாரும் தத்தம் வேதத்தைச் சப்தப் பிரமாணமாக ஏற்றவர்கள். ஆனால் எதிர்த்தரப்பின் வேதத்தை மட்டும் பிரத்யக்ஷத்தாலும் அனுமானத்தாலும் அளந்தனர். தம் வீட்டுக்கு ஒரு படியும் அயல் வீட்டுக்கு ஒரு படியும் வைத்துக்கொள்ளும் வணிகனை நாம் நேர்மையுள்ளவன் என்று சொல்வதில்லை. சமயங்களுக்கிடையே எழும் பூசல்களில் பெரும்பங்கு இந்த இரட்டைப் படியிலிருந்தே பிறக்கிறது.

வினாவைத் திருப்பிக் கேட்ட நம்மவர்கள் இந்த அநீதியை வெளிப்படுத்தினார்கள். அது தேவையாக இருந்தது. அரசாங்கத்தின் நிழலும் அச்சகத்தின் வலிமையும் பள்ளிகளின் செல்வாக்கும் ஒரு பக்கமே சாய்ந்திருந்த அந்நாளில், சாதாரண மக்களுக்கு அது நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தந்தது. ஆயினும் அந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. எதிரியிடம் குறை இருக்கிறது என்று காட்டுவதனால் நம்மிடம் உண்மை இருக்கிறது என்பது நிறுவப்படுவதில்லை. நியாய சாஸ்திரம் இதை நன்கு உணர்ந்தே விவாதத்தை மூன்றாகப் பிரித்தது. உண்மையை அறிவதற்காக நிகழ்வது வாதம்; வெல்வதற்காகவே நிகழ்வது ஜல்பம்; தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் பிறர் கொள்கையைத் தகர்ப்பது மட்டுமே விதண்டை. பெருங்கூட்டத்தின் முன்னிலையில் நிகழும் எந்த வாதமும் ஜல்பமாகச் சரிந்துவிடும் அபாயம் உடையது. கைதட்டல் ஒலிக்கும் இடத்தில், உன் கூற்றில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது மிகவும் கடினம்.

பத்தாண்டுகள் கழித்து வந்த விடை

அத்வைதத்தை நோக்கிக் கிறிஸ்தவ மிஷனரிகள் அக்காலத்தில் எழுப்பிவந்த ஆக்ஷேபங்களுள் மிகக் கூர்மையானது ஒன்று உண்டு. அனைத்தும் பிரம்மமே என்றால் நன்மைக்கும் தீமைக்கும் என்ன வேறுபாடு? பசித்தவனும் பிரம்மம், உண்டவனும் பிரம்மம் என்றால், பசித்தவனுக்கு உணவளிக்க என்ன காரணம்? இந்த வினாவுக்கு நூல்களைக் காட்டி விடை சொல்லலாம். வியாவகாரிகம், பாரமார்த்திகம் என்று பிரித்து விளக்கலாம். அவ்விளக்கம் சரியானதும்கூட. ஆனால் கேட்டவரின் உள்ளத்தில் அது தைக்குமா என்பது வேறு செய்தி.

வாதங்கள் முடிந்தபின் விஷ்ணுபாவா எழுதுவதில் ஈடுபட்டார். 1859இல் வேதோக்த தர்மப்ரகாசம் என்னும் பெரிய நூலை வெளியிட்டார். வர்ணம் என்பது குணத்தையும் செயலையும் பொறுத்தது, பிறப்பைப் பொறுத்தது அன்று என்பது அவர் கொண்ட கருத்து. கிறிஸ்தவரோடு வாதிட்டவர் தம் சமயத்தின் உள்ளேயும் கேள்வி எழுப்பத் தயங்கவில்லை. தன்னிடமும் சான்று கேட்டுக்கொள்ளும் நேர்மை இது.

1867இல் வெளிவந்த அவருடைய சிறு நூல்தான் அவரது வாழ்க்கையின் உச்சம் என்று கருதத் தோன்றுகிறது. சுகதாயக ராஜ்யப்ரகரணீ நிபந்தம், அதாவது இன்பம் தரும் அரசாட்சி பற்றிய கட்டுரை என்பது அதன் பெயர். நாட்டு மக்கள் அனைவரும் ஒரே குடும்பம். அரசன் அக்குடும்பத்தின் தலைவன். நிலம் முழுவதும் பொதுவானது. அனைவரும் உழைக்க வேண்டும். விளைந்த தானியத்தைக் கிராமக் களஞ்சியத்தில் சேமித்து, தேவைக்கு ஏற்ப அனைவரும் பெற வேண்டும். உடைகளும் அவ்வாறே பொதுவில் நெய்யப்பட்டு வழங்கப்பட வேண்டும் என்று அதில் எழுதினார். கார்ல் மார்க்ஸின் மூலதனம் ஜெர்மன் மொழியில் வெளியானதும் அதே 1867இல்தான். இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மார்க்ஸ் பொருளாதார ஆராய்ச்சியின் வழியே சென்றார். விஷ்ணுபாவாவோ, அனைவரிலும் இருப்பது ஒரே ஆத்மா என்றால் ஒருவனுடைய பசி எவ்வாறு மற்றவனுக்கு அயலாகும் என்ற வேதாந்த நோக்கிலிருந்து புறப்பட்டார். இந்நூல் 1869இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அவர் காட்டிய திட்டம் அப்படியே நடைமுறைக்கு ஏற்றதா என்று ஆராய்வது பொருளியல் அறிஞர்களின் வேலை. அதில் நாம் ஏற்க இயலாத பகுதிகளும் இருக்கலாம். நமக்கு முக்கியமானது வேறொன்று. கடற்கரை மணலில் எந்தத் தர்க்கத்தாலும் நிறைவாகச் சொல்ல முடியாத விடையை, பத்தாண்டுகள் கழித்துக் களஞ்சியத்தின் வடிவில் அவர் சொல்ல முயன்றார். அனைத்தும் பிரம்மம் என்பது உண்மையானால், அதற்குரிய சான்று பசித்தவனின் தட்டில் தெரிய வேண்டும். ஸப்தசிருங்கியில் தமக்குக் கிட்டிய அனுபவத்தை அவரால் வேறொருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. அனுபவம் அனுபவித்தவனுக்கு மட்டுமே பிரமாணம். ஆனால் அந்த அனுபவத்தின் கனியைப் பிறர் காணலாம்; சுவைக்கலாம்; அதைக் கொண்டு மரத்தையும் மதிப்பிடலாம்.

போவெனையும் இதே அளவுகோலால் நோக்குவோமானால், அவர் வாதத்தில் சொன்னவற்றைவிட, ஏழைகளின் நடுவே ஏழையாக வாழ்ந்த நாற்பதாண்டு வாழ்க்கையே அவர் நம்பிக்கைக்கு அவர் தந்த உயர்ந்த சான்று என்பது விளங்கும். மணலில் ஒருவரையொருவர் ஏற்காத இருவரும், தத்தம் வாழ்க்கையின் வழியே ஒரே இடத்தை நோக்கி நடந்திருக்கிறார்கள்.

1871 பிப்ரவரி 18ஆம் நாள் விஷ்ணுபாவா பம்பாயில் உடல் நீத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயதுகூட நிறையவில்லை.

நமக்குரிய பாடம்

அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கடற்கரை வாதத்தின் காலம் போயிற்று. ஆனால் இரட்டைப் படி போகவில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது 900 பேர் உயிரிழந்ததாக ஸ்ரீகிருஷ்ணா விசாரணை ஆணையம் பதிவு செய்தது. தமிழர்கள் பெருந்திரளாக வாழும் தாராவி, தொடக்கத்திலேயே பாதிப்புக்கு உள்ளான பகுதிகளுள் ஒன்று. 1887இல் தொடங்கிய படீ மஸ்ஜிதும், 1913இல் எழுந்த கணேசர் ஆலயமும், தமிழ்க் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களும் அருகருகே நிற்கும் இடம் அது. அங்கே ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்கள் அவை. அத்தீயை அணைக்க வந்தது எந்தப் பெரிய தர்க்கமும் அன்று. இரு மதத்தாரும் சேர்ந்து அமர்ந்த அமைதிக் குழுக்களும், அண்டை வீட்டாரைக் காத்து நின்ற பெயர் தெரியாத மனிதர்களுமே அதை அணைத்தார்கள்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் அன்பர்களிடம், அலுவலகத்திலோ ரயிலிலோ பிள்ளைகளின் கல்லூரியிலோ, உங்கள் தெய்வத்துக்கு என்ன சான்று என்று யாரேனும் கேட்கக்கூடும். கேட்பவர் நாத்திகராக இருக்கலாம். வேற்று மதத்தவராக இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கோபம் கொள்ளத் தேவையில்லை. அறிந்ததை அடக்கத்துடன் கூறுவோம். நமது சாஸ்திரங்களை முறையாகக் கற்றுக்கொள்வது அதற்காகவே. திருப்பிக் கேட்க நேர்ந்தால், நமக்கு வைத்துக்கொண்ட அதே படியால் பிறரையும் அளப்போம்.

பிறகு, அவ்வினாவை இரவில் நம்மை நோக்கியும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம். எல்லா உயிரிலும் ஈசன் இருக்கிறான் என்று காலையில் ஓதினோமே, அதற்கு இன்று நாம் தந்த சான்று என்ன? இந்தக் கேள்விக்கு நம் செயலால் விடை கூற முடிந்த நாளில், பிறர் கேட்கும் சான்றுக்கும் அதுவே விடையாக அமையும்.